மூக்கு சொல்லும் விலை!

ஆரணியில் கல்யாணப் பட்டு எடுக்கிற கோஷ்டியைப் பார்த்திருப்பீர்கள். அத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பார். பெரியம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மாமா விலைச் சீட்டை மட்டும் பார்ப்பார், வியர்ப்பார்!

விவரம் தெரிந்தவர்கள் ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவிக் கொளுத்துவார்கள். முடி கருகுகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அசல் பட்டு. உருகி, கெட்டியான உருண்டையானால் பாலியஸ்டர். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்.

ஐரோப்பாவில் உசத்தி ஒயினை எடை போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒயின் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். யவனர் கப்பலில் வந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரரே பாடியிருக்கிறார். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக, நமக்குப் பழைய சரக்குதான்!

முதலில் கண். வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே கிளாஸைச் சாய்க்கிறார்கள். வயசாக ஆக சிவப்பு ஒயின் வெளிறிச் செங்கல் நிறமாகும். வெள்ளை ஒயின் பொன்னிறமாகும். அடுத்து மூக்கு. கிளாஸைச் சுழற்றி முகர்கிறார்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால், கார்க் கெட்டு ஒயினையும் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில்தான் நாக்கு. புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, ருசி எத்தனை நேரம் நிற்கிறது... பாக்கும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நமக்குத் துவர்ப்பைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு? துப்பிவிடுகிறார்கள்! நம்மூர் குடிமகன்கள் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இத்தனை வித்தைக்கும் ஒரு எதிரி உண்டு: லேபிள்!

1976 மே 24. பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு போட்டி வைத்தார். பாட்டில் பெயரை மறைத்து ஒயின் ஊற்றினார்கள். மார்க் போட்டது ஒன்பது ஃபிரெஞ்சு நிபுணர்கள். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு! புகழ்பெற்ற மூத்தோன் ரோத்ஷீல்டே பின்னால் போய்விட்டது. நடுவர் ஒதெத் கான் தன் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேட்டாராம்.

இன்னொரு கூத்து போர்தோவில். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்குக் கொடுத்தார் ஃபிரெடரிக் புரோஷே. சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். 2001-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. கண் முந்திக்கொண்டால் மூக்கு 'ஆமாஞ்சாமி' போட்டுவிடுகிறது!

ஆரணிக்கு இதில் பாடம் இருக்கிறது. 'சில்க் மார்க்' இருந்தால் அசல் பட்டு என்று நம்பலாம். ஆனால் அது கையால் நெய்ததா, விசைத்தறியா என்று அந்த முத்திரை சொல்லாது. அதற்கு 'ஹேண்ட்லூம் மார்க்' தனி. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான் பேசுவார். அந்த விலை விசைத்தறிக்குக் கட்டும். குடும்பமே உழைத்து நாள் கணக்கில் நெய்த புடவைக்குக் கட்டாது. தரம் தெரியாத சந்தையில் மட்டமானது நல்லதைத் துரத்தும் என்று 1970-ல் எழுதிய ஜார்ஜ் அகெர்லாஃபுக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெசவாளருக்குக் கிடைப்பது என்ன? தறியை மூட்டை கட்டும் வேலை.

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "கைத்தறிதானா? முத்திரை எங்கே? ஒரு இழை கொளுத்திக் காட்டுங்க."

ஒரு இழை போதும். முழுப் புடவையையும் கொளுத்திவிட்டு, "அட, அசல்தான்!" என்று சந்தோஷப்பட்டால் கம்பெனி பொறுப்பல்ல!