துருவ மலைகளும் அவற்றின் பெயர்களும்

ஆம்பூரினின்று ஜோலார்ப்பேட்டை நோக்கி ரெயிலிற் செல்வார்க்கு, ஜவ்வாது மலைத்தொடரும் ஏலகிரியும் பழகிய காட்சிகளே. இம்மலைகளுக்குப் பெயரிட்டவர் யாவர், எந்நாளில் இட்டனர் என்று வினவினால், விடை கூற வல்லார் ஒருவரும் இலர். நம் பாட்டன்மார் பிறக்கு முன்னரே அப்பெயர்கள் பிறந்துவிட்டன. ஆனால் உலகின் தென்கோடியிற் பனி போர்த்துக் கிடக்கும் அண்டார்க்டிகாக் கண்டத்தின் செய்தி வேறு. அங்கே பழங்குடி மக்கள் எவரும் வாழ்ந்ததில்லை. ஆதலின் அங்குள்ள மலைப்பெயர்கள் யாவும் சென்ற இருநூறு ஆண்டுகட்குட்பட்டவை. அவை எவ்வாறு பிறந்தன என்பதையும், அவற்றினின்று நாம் கற்கத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1841-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பார் இரண்டு கப்பல்களுடன் தென்கடலிற் சென்றபோது, பனிக்கு நடுவே புகையும் நெருப்பும் கக்கி நின்ற ஓர் எரிமலையைக் கண்டார். அதற்கும் அதன் அருகிலிருந்த மலைக்கும் தம் கப்பல்களின் பெயர்களாகிய எரிபஸ், டெரர் என்பவற்றையே இட்டார். பின்னர் 1845-ல் அவ்விரு கப்பல்களும் பிராங்க்ளின் தலைமையில் வடதுருவக் கடலுக்குச் சென்று மீளாது மறைந்தன. அவற்றின் உடைந்த உடல்கள் 2014-லும் 2016-லுமே கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன. வடகடலில் அமிழ்ந்த கப்பல்களின் பெயர்கள் தென்முனை மலைகளில் நிலைத்து நிற்கின்றன.

கப்பலுக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்றோர் பொருளுதவி புரிந்த செல்வர். 1911-ல் தென்துருவத்தை முதன்முதல் அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்சென், வழியிற் கண்ட பெருமலை ஒன்றுக்கு, தமக்குப் பொருள் ஈந்த டான் பெட்ரோ கிறிஸ்டோபர்சென் என்பாரின் பெயரை இட்டார். அங்ஙனமே, தம் இல்லத்தில் நெடுங்காலம் ஊழியம் புரிந்த பெட்டி என்னும் மாதின் பெயரைச் சிறு மலை ஒன்றுக்குச் சூட்டினார். புரவலர்க்குப் பெருமலையும் பணிப்பெண்ணுக்குச் சிறுமலையும் கிடைத்தன. எனினும் அவ்வம்மையை அவர் மறந்தாரில்லை என்பது நம் உள்ளத்தைத் தொடுகின்றது.

அண்டார்க்டிகாவின் மிகவுயர்ந்த சிகரம் வின்சன் என்பது. பனிப்புல ஆராய்ச்சிக்கு ஆதரவளித்த அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் பெயர் அது. 1958-ல் விமானத்தினின்று காணப்பெற்ற அச்சிகரத்தின்மேல் மனிதர் முதன்முதல் ஏறியது 1966 டிசம்பரிலேயாம். அதன் உயரம் முதலில் 5,140 மீட்டர் என்று கணிக்கப்பட்டது; 2004-ல் வான்கோள்களின் துணைகொண்டு அளந்தபோதோ 4,892 மீட்டரே என்று தெளிவாயிற்று. ஏறத்தாழ 250 மீட்டர் பிழை! வெண்பனிக்கும் வெண்மேகத்துக்கும் வேறுபாடு தோன்றாத நாட்டில், அளப்பதினும் பெயரிடுதல் எளிது போலும்.

அளத்தற் கலையோ நம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. 1802-ல் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையின் அருகே ஏறக்குறைய 7½ மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, குன்றின்மேற் குன்றாக ஏறி, முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை தம் அளவையைக் கொண்டு சென்றார். ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் எஞ்சிய பக்கங்களும் தெரியும் என்னும் பள்ளிக்கூடக் கணிதமே அதற்கு அடிப்படை. அவ்வேலை வடக்கே இமயம் வரை வளர்ந்தது. 1852-ல் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணிதர், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டார். 1856-ல் அதற்குத் தமக்கு முன் தலைமை வகித்த எவரெஸ்ட் என்பாரின் பெயரை வா என்னும் அதிகாரி முன்மொழிந்தார். வியப்பு யாதெனின், எவரெஸ்டே அதற்கு இசைந்திலர். தம் பெயரை இந்நாட்டார் எழுதவும் உச்சரிக்கவும் இயலாது என்று 1857-ல் மறுத்துரைத்தார். ஆயினும் 1865-ல் அப்பெயரே உறுதியாயிற்று. திபெத்தியர் வழங்கிய சோமோலுங்மா என்னும் பெயர் பின்தள்ளப்பட்டது.

வடதுருவ வட்டத்தை அடுத்த அலாஸ்கா நாட்டிலும் இவ்வழக்கே எழுந்தது. அங்கத்திய குடிகள் 'உயர்ந்தது' என்னும் பொருளில் டெனாலி என்றழைத்த 6,190 மீட்டர் மலைக்கு, 1896-ல் பொன் தேடச் சென்ற ஒருவர் மக்கின்லி என்று பெயரிட்டார். 2015-ல் பழம்பெயர் அரசாங்க ஏடுகளில் மீண்டது. 2025-ல் மறுபடியும் மாற்றப்பட்டது. ஆங்குக் குடியிருப்பார் இருந்தனர், கேட்டறிந்திருக்கலாம்.

அண்டார்க்டிகாவிலோ கேட்பதற்கு எவருமிலர். ஆதலின் நாடுகள் தத்தமக்கு ஒரு பெயர்க்குழு அமைத்துக்கொண்டன. ஒரே தீபகற்பத்தை ஆங்கிலேயர் கிரஹாம் நிலம் என்றும், அமெரிக்கர் பாமர் தீபகற்பம் என்றும் வழங்கி மயங்கினர். 1964-ல் அண்டார்க்டிகத் தீபகற்பம் என்னும் பொதுப்பெயருக்கு இசைந்தனர். 1959-ல் கையொப்பமான அண்டார்க்டிக உடன்படிக்கை, எந்நாட்டின் நில உரிமை வழக்கையும் ஏற்காமலும் மறுக்காமலும் நிறுத்திவைத்தது. பெயரிட்டவர்க்கு அங்கே நிலம் சொந்தமாகாது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1983-ல் சேர்ந்தது.

அங்கே நம் நாட்டார் ஒருவரின் பெயரும் உளது. 1971, 1972-ம் ஆண்டுகளில் அமெரிக்கக் கப்பல்களிற் சென்று, தென்கடலின் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்த உயிரியலறிஞர் சின்ஹா என்பார் பீகாரிற் பிறந்தவர். அவர் பணியை மதித்து, 990 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்றுக்கு சின்ஹா மலை என்று பெயரிட்டனர். கப்பலுக்கும் செல்வர்க்கும் மட்டுமன்றி, பொறுமையாய் எண்ணிப் பார்த்த உழைப்பாளிக்கும் மலை உண்டு என்பது மாணவர்க்கு ஊக்கமளிக்கும்.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றே. ஆளில்லா நிலத்திற் பெயரிடுவது மதிப்புச் செய்வதாகும். ஆளிருக்கும் நிலத்திற் கேளாது பெயரிடுவது ஒரு பெயரை அழிப்பதாகும். ஜவ்வாது மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தம் பாறைகளையும் முகடுகளையும் சுனைகளையும் எப்பெயர்களால் அழைக்கின்றனர் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? ஏட்டில் ஏறாத பெயர், அதனைச் சொல்லும் முதியவரோடு மறையும். துருவத்துக்குச் செல்லும் பேறு நமக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். ஆயினும் வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் ஜவ்வாது மலைக்கு ஏறிச் செல்ல யாருடைய பொருளுதவியும் வேண்டுவதில்லை. கேட்பதற்குரிய பணிவு ஒன்றே போதும்.