பாட்டியின் பாட்டும் பத்துத் தொகுதிகளும்
பெரியசாமித் தூரனின் வாழ்வும் பணியும்

ஒரு வட்டாரத்தின் செல்வத்தைக் கணக்கிடும்பொழுது நெல்லையும் கரும்பையும் நெய்த துணியையும் நாம் எண்ணுகிறோம். சங்கத்தின் பேரேட்டில் ஏறுவதும் அவைதாம். பாட்டுக்கும் கதைக்கும் எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. ஆயினும் அவையும் உழைப்பின் விளைச்சலே. நெல் விளைய ஒரு பருவம் போதும். ஒரு தாலாட்டு விளையப் பல தலைமுறைகள் வேண்டும். ஒரு பருவத்தில் பயிர் பொய்த்தால் மறு பருவத்தில் விதைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டை அறிந்த கடைசி மூதாட்டி மறைந்துவிட்டாலோ, விதைப்பதற்கு விதையே இராது.

இவ்வகை விதைகளைத் தேடிச் சேர்த்தவரும், அவற்றைக் குழந்தைகளின் உள்ளத்தில் விதைத்தவரும், தாமே பாட்டு இயற்றி இசைவாணர்க்கு அளித்தவருமான ஓர் உழவர் குடிமகனின் வரலாற்றை இவ்விதழில் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் பெரியசாமித் தூரன்.

உழவர் வீட்டுப் பிள்ளை

இன்றைய ஈரோடு மாவட்டத்தில் மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டுவலசு என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தூரன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெரியசாமி. தம் குலத்தின் பெயராகிய 'தூரன்' என்பதையே பின்னர்ப் புனைபெயராக வைத்துக்கொண்டார். இளமையிலேயே தாயை இழந்த அவருக்குப் பாட்டியின் கதைகளும் பாட்டுகளும் துணையாயின. கொங்கு நாட்டின் வறண்ட மண்ணில் கிணற்று நீரை இறைத்தே வெள்ளாமை செய்யவேண்டும். இறைப்பவனும், களை எடுப்பவளும், நாற்று நடுபவளும் பாடிக்கொண்டே வேலை செய்த காலம் அது. பள்ளியில் எழுத்தறியுமுன்பே தமிழ் அவர் செவி வழியாக உள்ளே சென்றுவிட்டது எனலாம்.

உயர்கல்விக்காகச் சென்னை சென்று மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். நண்பர்களுடன் சேர்ந்து 'பித்தன்' என்னும் பத்திரிகையை நடத்தினார். 1931-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி நாட்டைக் குலுக்கியபோது, பட்டத் தேர்வை எழுதாமல் விட்டார். குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் அந்தத் தேர்வின்மேல் இருந்திருக்கும் என்பதை, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய நம் உழவரும் நெசவாளரும் நன்கு உணர்வர். பின்னர்ப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார் என்றாலும், உணர்ந்ததன் பொருட்டு இழப்பை ஏற்கும் அந்த இயல்பு அவரை விட்டு என்றும் நீங்கியதில்லை.

ஆசிரியர் கண்ட குழந்தைகள்

கோபிசெட்டிபாளையத்திலும், பின்பு கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். குழந்தை இலக்கியம் அவருக்கு வகுப்பறையில் முளைத்தது. ஒரு பிள்ளை ஏன் அஞ்சுகிறது, ஏன் பிடிவாதம் செய்கிறது, தன்னைத் தாழ்வாக ஏன் எண்ணுகிறது என்பவற்றை ஆராய்ந்து, உளவியல் நூல்களைத் தமிழில் எழுதினார். 'குழந்தை உள்ளம்', 'தாழ்வு மனப்பான்மை' ஆகியவை அவ்வகையின. எளிய வாசகர்க்கு அறிவியலைத் தமிழில் விளக்கலாகுமா என்ற ஐயம் கற்றோர் நடுவிலேயே நிலவிய காலத்தில் இவர் அதைச் செய்து காட்டினார்.

குழந்தைகளுக்கென அவர் எழுதிய கதைகளும் பாடல்களும் பல. 'ஓலைக்கிளி', 'சூரப்புலி', 'கொல்லிமலைக் குள்ளன்', 'தரங்கம்பாடித் தங்கப் புதையல்' என்று தலைப்புகளைச் சொல்லும்போதே அவற்றின் தன்மை விளங்கும். வீரச் செயலுக்கும் புதையலுக்கும் கடல் கடந்த தீவுகளைத் தேடவேண்டியதில்லை. நம் கொல்லிமலையும் நம் தரங்கம்பாடிக் கடற்கரையும் போதும். ஓலையால் கிளி செய்து விளையாடும் பிள்ளை தன் விளையாட்டே ஒரு புத்தகத்தின் பெயராகி நிற்பதைக் காணும்போது, அந்தப் புத்தகம் தனக்குரியது என்று கையில் எடுக்கும். படிப்பு தன் வீட்டுக்கு அயலான பொருள் என்ற அச்சம் அங்கே பாதி நீங்குகிறது.

காற்றில் வந்த கவிதை

கற்றவர் பலர் நாட்டுப் பாடல்களைப் பாமரர் பிதற்றல் என்று ஒதுக்கிய காலத்தில், தூரன் அவற்றைத் தேடிச் சேர்த்து, பாடப்பட்ட சூழலையும் நயத்தையும் விளக்கி, 'காற்றில் வந்த கவிதை' என்னும் நூலாக்கினார். பெயர் எத்துணைப் பொருத்தமானது! இப்பாடல்களுக்கு ஏடு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. காற்றோடு வந்தவை, பிடித்து வைக்காவிடில் காற்றோடு போய்விடும்.

இன்று அவை போகும் வழியையும் நாம் காண்கிறோம். ஏற்றமும் கவலையும் இருந்தவரை இறைவைப் பாட்டு இருந்தது. மின்மோட்டார் வந்தபின் அதற்கு வேலையில்லை. நடவு இயந்திரம் இறங்கும் வயலில் நடவுப் பாட்டு எழுவதில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறிக் கூடத்தின் வாயிலில் நின்று பாருங்கள். அருகில் நிற்பவர் பேச்சே செவியில் விழாது. கைத்தறியிலோ மிதிக்கும் காலும் நாடா எறியும் கையும் தாமே தாளம் போடும். அதனோடு ஒரு பாட்டு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தை நாம் குறை கூறவில்லை. அது முதுகு வலியைக் குறைத்தது; வருவாயைத் தந்தது. வேலையோடு ஒட்டியிருந்த பாட்டு, அந்த வேலை மாறும்போது தானே உதிர்ந்துவிடுகிறது என்பதையே சுட்டுகிறோம். தூரனைப்போல் யாரேனும் ஒருவர் குனிந்து பொறுக்கினால்தான் அது மிஞ்சும்.

தமிழிசையும் தணிகை மலையும்

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டையும், 1943-இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தையும் தொடர்ந்து, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்கள் மிகுதியாக ஒலிக்கவேண்டும் என்ற இயக்கம் வலுப்பெற்றது. பாடுவதற்குப் பாடல் எங்கே என்று கேட்டவர்க்கு விடை தந்தவர்களில் தூரனும் ஒருவர். பல இராகங்களில் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்கள் இயற்றினார். அவற்றுள் முருகன்மீது பாடியவை மிகுதி. 1972-இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு 'இசைப் பேரறிஞர்' பட்டம் அளித்தது.

செவ்விய இசை தெரிந்தபின் நாட்டு மெட்டை அவர் மறந்துவிடவில்லை. காவடிச் சிந்து மெட்டில் அவர் முருகனைப் பாடிய பாட்டு இன்றும் கச்சேரிகளின் இறுதியில் விரும்பிக் கேட்கப்படுகிறது. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகைப் படிகளில் புட்பக் காவடி தோளில் ஏந்தி வரும் கூட்டத்தைக் கண்டவர்க்குக் காவடிச் சிந்தின் நடையை நாம் விளக்கவேண்டியதில்லை. ஏறும் காலுக்குத் தாளம் வேண்டும். சுமக்கும் தோளுக்கு மறதி வேண்டும். இரண்டையும் அம்மெட்டு தருகிறது. நாற்று நடுபவளுக்கும் தறி மிதிப்பவருக்கும் பாட்டு செய்த உதவியும் அதுவே.

திருத்தணி எல்லையூர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்நகர், மக்கள் போராட்டத்தின் பயனாய் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழி என்பது எவ்வளவு உயிரான பொருள் என்று இங்குள்ள முதியோர்க்குத் தெரியும். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் புழங்குவதும் இங்கே இயல்பு. அருணகிரிநாதர் தமிழில் பாடிய தலம் இது. முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனத்தை வடமொழியில் பாடியதும் இத்தலத்தில்தான் என்று வழிவழியாகச் சொல்வர். ஆகவே இவ்வூராருக்குத் தூரனின் பணியிலிருந்து ஒரு பாடம் உண்டு. பிறமொழிப் பாடலை இகழ்வதால் தாய்மொழி வளராது; தாய்மொழியில் நல்ல பாடலை ஆக்கி அளிப்பதாலேயே வளரும்.

ஊர் கூடி இழுத்த தேர்

தூரனின் பெரும்பணி கலைக்களஞ்சியம். 1946-இல் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கழகம் மேற்கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக 1948-இல் தூரன் பொறுப்பேற்றார். முதல் தொகுதி 1954-இலும் ஒன்பதாம் தொகுதி 1963-இலும் வெளிவந்தன. இணைப்பாகிய பத்தாம் தொகுதி 1968-இல் வந்தது. அவ்வாண்டே அவருக்குப் பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டது. உடனே ஓய்ந்துவிடாமல், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை அவ்வாண்டே தொடங்கி, 1976-க்குள் பத்துத் தொகுதிகளாக முடித்தார். 1987-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் மறைந்தார்.

கூட்டுறவாளராகிய நாம் இதில் கருதவேண்டியது ஒன்று உண்டு. கலைக்களஞ்சியம் தனியொருவர் எழுதக்கூடிய நூலன்று. மருத்துவர், பொறியாளர், வேளாண் வல்லுநர், வரலாற்றறிஞர் எனப் பலரும் தத்தம் துறைக் கட்டுரையைக் கொணரவேண்டும். ஒருவர் நடை கடினமாக இருக்கும். இன்னொருவர் குறித்த நாளில் தரமாட்டார். ஒரே பொருளுக்கு இருவர் இரு கலைச்சொற்களை ஆள்வர். இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்து, பல வீடுகளிலிருந்து வரும் நூலை ஒரே பாவாக ஓட்டுவதுபோல் ஒரே நூலாக்கினார் தூரன். உற்பத்தியாளர் பலர், தரம் ஒன்று, பயன் அனைவர்க்கும் என்பதே நம் சங்கங்களின் கொள்கை; அக்கொள்கை அறிவுத் துறையிலும் வெல்லும் என்பதற்கு அத்தொகுதிகள் சான்று. நாள்தோறும் பிறர் கட்டுரையைத் திருத்துவதில் இருபது ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவர், தாம் எழுதியிருக்கக்கூடிய எத்தனையோ கதைகளையும் பாட்டுகளையும் அதற்கு விலையாகக் கொடுத்திருப்பார் என்பதையும் நினைக்கவேண்டும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கன

பெரியோர் வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமன்று. ஆய்வின்பொருட்டுச் செல்லுமிடங்களில் நாம் காணும் நிலையை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு சங்கத்தில் பிள்ளைகளுக்கென்று வாங்கிய கதைப் புத்தகங்கள், பழைய ரசீதுக் கட்டுகளோடு பீரோவில் பூட்டிக் கிடந்தன. புத்தகங்கள் பூச்சி அரிக்காமல் இருந்தனவேயன்றி ஒரு பிள்ளையின் விரல்பட்ட அடையாளமும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சரியாக இருந்தது. அதே தெருவில் சிறுவர் மாலை வேளையில் தார் சுற்றிக்கொண்டிருந்தனர்.

அங்கத்தினர் மூன்று காரியங்களைத் தம் பொதுக்குழுவில் கேட்டுப் பெறலாம். முதலாவது, சங்க அலுவலகத்திலோ பால் கொள்முதல் நிலையத்திலோ குழந்தைகளுக்கென ஓர் அலமாரி. அதற்குப் பூட்டு வேண்டா. இலாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். நூல் தொலைந்தால் தொலையட்டும். படிக்கப்பட்டுத் தொலைந்த நூல் நட்டக் கணக்கில் சேராது. இரண்டாவது, குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்று இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. சங்கக் கணினியை வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் செலவு யாதுமில்லை. மூன்றாவது, ஊரிலுள்ள முதியோர் அறிந்த தாலாட்டு, நடவுப் பாட்டு, தறிப் பாட்டு ஆகியவற்றை இளைஞர் தம் கைப்பேசியில் பதிந்து, பாடியவர் இசைவுடன் அவர் பெயரையும் நாளையும் எழுதிவைக்கவேண்டும். தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு என்ற வேற்றுமை இதில் வேண்டா.

இவற்றுள் மூன்றாவதே மிக அவசரமானது. அலமாரியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியின் குரல் அடுத்த பொதுக்குழு வரை காத்திராது. தூரன் தம் பாட்டியிடம் கேட்டதைக் காற்றில் போகவிடவில்லை. நம் தெருவில் இன்றும் பாடக்கூடியவர் யார் யார் என்று ஒரு பட்டியலை இந்த மாதமே எழுதத் தொடங்குவோமாக.