ஆயிரம் வீடுகளில் ஒரே அப்பளம்

சரக்கு நம் கண்ணை விட்டுப் போனால் தரம் கெட்டுவிடும் என்பது வியாபாரிகளில் பலருக்கும் உள்ள பயம். பொட்டலம் போடுவதாயினும் நம் மேற்பார்வையில், நம் கொட்டகையிலேயே நடக்கவேண்டும் என்கிறோம். ஆனால் நம்மில் பலர் விற்கும் லிஜ்ஜத் அப்பளம் இடப்படுவது பெண்களின் வீடுகளில்தான்.

1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் தொடங்கிய வேலை அது. முதல் நாள் விற்பனை நான்கே பாக்கெட். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள். இத்தனை கை பட்டும் ருசி மாறாதது எப்படி?

உளுந்து, மிளகு, பெருங்காயம் ஆகியவற்றின் கொள்முதலைத் தலைமை அலுவலகம் தன் கையில் வைத்திருக்கிறது. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சரக்கு. மாவு பிசைவது கிளையில். பெண்கள் காலையில் வந்து, முந்தின நாள் இட்டு உலர்த்திய அப்பளத்தை எடை போட்டு ஒப்படைத்து, கூலியும் புது மாவும் பெற்றுச் செல்கிறார்கள். கொடுத்த மாவுக்கு இவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கு இருப்பதால், குறையிருந்தால் தராசிலேயே தெரிந்துவிடும். வீட்டில் எந்நேரம் இடுவது என்பது அவரவர் சௌகரியம். கிளையை நடத்துபவரும் உறுப்பினர்களில் ஒரு பெண்தான்.

ஆரம்பத்தில் முதல் தரம், மலிவு ரகம் என இரண்டு செய்தார்களாம். வழிகாட்டியாக இருந்த சகன்லால் கரம்சி பரேக், ஒரே தரம் போதும், கணக்கை ஒழுங்காக வையுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்ல வியாபாரப் புத்தி!

நானும் ஒரு காலத்தில் மூன்று வீடுகளில் அப்பளம் இடக் கொடுத்ததுண்டு. பணத்தைக் கொடுத்து, உளுந்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வந்த அப்பளம் மூன்றும் மூன்று நிறம். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண்கள்மேல் கோபப்பட்டேன். கொள்முதலை விட்டுக்கொடுத்தது என் தவறு என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது. விடக் கூடாததை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு இடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைதான் இம்முறைக்குச் சோதனை. லிஜ்ஜத் பெண்கள் முதல் வருடம் நான்கு மாதம் வேலையை நிறுத்தினார்கள். மறு வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கட்டிலடியில் அடுப்பு. மழையிலும் அப்பளம் காய்ந்தது.