தூண்டிலும் ஒரு பாடமே!

“ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காருகிறவன் என்றைக்கு உருப்படப் போகிறான்?” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத பெற்றோர் நம்மிடையே குறைவு. ஆனால் அன்பு வாசகர்களே, அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி மீன்பிடிப் போட்டி நடக்கிறது என்றால் நம்புவீர்களா? அதில் சிறந்து விளங்கும் மாணவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. டென்னசி மாநிலத்துப் பெத்தல் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று.

மீன் பிடிப்பதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

பாஸ் என்னும் மீன்

இப்போட்டியின் நாயகன் ‘பாஸ்’ என்னும் மீன். நாம் சந்தையில் வாங்கும் சியாக்காப் வேறு, இது வேறு. இது வட அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். பச்சை உடல், பக்கவாட்டில் ஒரு கரும்பட்டை, கண்ணையும் தாண்டி நீளும் பெரிய வாய். 1932-இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. அதாவது ஏறத்தாழ 10 கிலோ! 77 ஆண்டுகள் அதற்கு இணையாக ஒன்று அகப்படவில்லை. 2009-இல்தான் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதற்குச் சமமான மீனைப் பிடித்தார்.

காப்புறுதி முகவராக இருந்த ரே ஸ்காட் 1967-இல் ஆர்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ஒரு பெரிய பாஸ் போட்டியை நடத்தினார். மறு ஆண்டே தூண்டில்காரர்களுக்கென ஒரு சங்கமும் கண்டார். நாளடைவில் இந்த ஆர்வம் கல்லூரிகளையும் தொற்றிக்கொண்டது. இன்று மாணவர்களுக்கென்றே தனித் தொடர்கள் நடக்கின்றன. எனினும் காற்பந்து, கூடைப்பந்து போல இதற்குக் கல்லூரிகள் பணத்தைக் கொட்டுவதில்லை. பெரும்பாலும் இது மாணவர் கழகமாகவே நடக்கிறது. படகுக்கும் எண்ணெய்க்கும் பயணத்துக்கும் மாணவர்களே நன்கொடை திரட்டவேண்டியிருக்கிறது.

போட்டி நாளன்று

ஒரு படகில் ஒரே கல்லூரியைச் சேர்ந்த இருவர். பொழுது புலரும் வேளையில் படகுகள் வரிசை முறைப்படி ஒவ்வொன்றாகப் புறப்படும். உயிருள்ள புழுவோ மீனோ இரையாகக் கூடாது. ரப்பர் புழு, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொம்மை மீன் போன்ற செயற்கை இரைகள் மட்டுமே. கணக்கில் சேர்வது பொதுவாக ஐந்து மீன்கள். குறித்த நீளத்துக்குக் குறைந்த மீனை உடனே நீரில் விட்டுவிடவேண்டும். ஆறாவதாக ஒரு பெரிய மீன் அகப்பட்டால், இருப்பதில் சிறியதை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஐந்தின் மொத்த எடையே வெற்றியைத் தீர்மானிக்கும்.

நேரம் தவறினால் மன்னிப்பில்லை. ரே ஸ்காட் கண்ட சங்கத்தின் விதிப்படி, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுண்டு எடை குறைக்கப்படும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். பள்ளிக்கு நேரத்தோடு வராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

உயிரோடு வரவேண்டும்

இப்போட்டியின் உயிர்நாடி இதுதான்: பிடித்த மீன் சாகக்கூடாது! தொடக்க காலத்தில் செத்த மீன்களைக் கயிற்றில் கோத்துக் காட்டினார்கள். இப்படியே போனால் ஏரியில் மீன் மிஞ்சாது என்ற கவலை எழுந்தது. 1972-இல் ஸ்காட், மீனை உயிரோடு கொண்டுவந்து திருப்பி விடும் வழக்கத்தைப் புகுத்தினார். அதனால் இன்று படகுக்குள்ளேயே காற்றூட்டப்பட்ட நீர்த்தொட்டி இருக்கிறது. செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் எடையில் தண்டனை உண்டு.

மீனைக் காப்பது எளிதன்று. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும்; கோடையில் மீன் திணறும். இதை அறிந்து தொட்டி நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் மாணவன், வகுப்பில் படித்த விஞ்ஞானத்தை நீரின் மேல் நின்று செய்து காட்டுகிறான்.

மீனைத் தேடுவதும் அப்படியே. குளக்கரைக் கொக்குப் போலக் காத்திருந்தால் மட்டும் போதாது. குளிர்ந்த நீரில் மீன் சோம்பியிருக்கும். இரையை மெல்ல இழுக்கவேண்டும். வசந்த காலத்தில் நீர் வெதுவெதுப்பானதும் ஆண் பாஸ் கரையோரம் வந்து, மணலை வாலால் விலக்கிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு காவல் காப்பது ஆண்தான். அப்போது அது இரையைக் கவ்வுவது பசியால் மட்டுமன்று; முட்டையைக் காக்கவும்தான்!

இங்கே ஒரு தர்ம சங்கடமும் இருக்கிறது. காவல் இருக்கும் தந்தையை எடை மேடைக்குக் கொண்டுபோய்விட்டால், சிறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். எடை மேடையருகே விடப்படும் மீன் தன் கூட்டிலிருந்து வெகு தூரம் வந்துவிட்டிருக்கும். ஆகவே, பிடித்த இடத்திலேயே எடைபோட்டு உடனே விட்டுவிடும் முறையும் இப்போது வந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஒரு பெரிய தொழில்முறைத் தொடர் அவ்வழியைப் பின்பற்றியது. பிடித்ததை விட்டுவிட்டோம் என்பதோடு நம் கடமை முடிவதில்லை. எங்கே விட்டோம் என்பதும் முக்கியம்.

நாணயம்

நடு ஏரியில் இருவர் மட்டும் இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கேதான் நாணயம் சோதிக்கப்படுகிறது. 2022-இல் ஓஹையோ மாநிலத்தில், வேறொரு வகை மீனுக்காகப் பெரியவர்கள் கலந்துகொண்ட போட்டியில், இருவர் மீன் வயிற்றில் ஈயக் குண்டுகளைத் திணித்து எடை கூட்டினார்கள். மீனை அறுத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், சிறைத் தண்டனை கிடைத்தது, படகும் பறிபோனது. திணித்த ஈயம் ஒரு வாழ்நாள் பெயரையே மூழ்கடித்துவிட்டது!

சகோதரர் இருவர்

நேர்வழியில் உயர்ந்தவர்களும் உண்டு. அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்த மாட் லீ, ஜோர்டன் லீ என்ற சகோதரர்கள் 2012-இல் கல்லூரித் தகுதிப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒருவரையொருவர் எதிர்த்தார்கள். அண்ணன் மாட் வென்று, தொழில் வல்லுநர்கள் மோதும் ‘பாஸ்மாஸ்டர் கிளாசிக்’ போட்டிக்குத் தகுதி பெற்றார். தம்பி மனம் தளரவில்லை. 2017-இலும் 2018-இலும் அதே ‘கிளாசிக்’ பட்டத்தை அடுத்தடுத்து வென்றார். ஒவ்வொரு முறையும் பரிசு 300,000 டாலர்!

ஆனால் பெற்றோர்களே, இந்தத் தொகையைக் கண்டு மயங்கவேண்டாம். தூண்டிலால் பிழைப்பவர் மிகச் சிலரே. மற்ற மாணவர்களுக்குக் கடைசியில் கைகொடுப்பது கல்லூரிப் பட்டம்தான். போட்டி அவர்களுக்குத் தருவது பொறுமை, நேரந்தவறாமை, உற்றறியும் திறன் ஆகியவையே.

நமக்கு என்ன?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் விரால் எங்கே ஒதுங்கும், கெளுத்தி எப்போது கடிக்கும் என்பதை யாரும் சொல்லித்தராமலே அறிவார்கள். அதைப் படிப்பின் பகை என்று ஒதுக்காதீர்கள். “மழைக்குப் பிறகு ஏன் அங்கே போனாய்? இந்த இரையை ஏன் எடுத்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். விஞ்ஞானமும் வரும், தமிழும் வரும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். அக்கல்லூரிப் போட்டிகளில் படகின் பெரிய இயந்திரம் ஓடும்போது உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் இருக்கக்கூடாது. ஓட்டுபவரின் உடலோடு ஒரு கயிறும் இணைந்திருக்கும். அவர் தவறி விழுந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். நீந்தத் தெரிந்த வாலிபர்களுக்கே இத்தனை காப்பு! நம் பிள்ளைகளோ ஆழம் தெரியாத பழைய ஈயக் குட்டைகளுக்குத் தனியே போகிறார்கள். அவ்வோரம் செங்குத்தாக இறங்கும். கால் வழுக்கினால் பிடிமானம் இராது. ஆகவே பெரியவர் ஒருவர் துணையின்றி எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

மீன் உயிரோடு திரும்பவேண்டும் என்று விதி செய்தார்கள். நம் பிள்ளை உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்பது அதனினும் பெரிய விதியல்லவா?