40 கோல்டுக்கு ஒரு கட்சி

ஈ-ரிபப்ளிக் என்ற ஆன்லைன் விளையாட்டில் கட்சி தொடங்கச் செலவு 40 கோல்டு. கோல்டு அங்கே புழங்கும் பணம். விளையாடியும் சேர்க்கலாம், சொந்தக் காசைப் போட்டும் வாங்கலாம். பெயர் வைத்து, சின்னம் ஏற்றி, இரண்டு பட்டியல்களிலிருந்து கொள்கையைத் தேர்ந்தெடுத்தால் கட்சி தயார். ஒரு பட்டியல் தீவிர இடதில் தொடங்கித் தீவிர வலதில் முடிகிறது. இன்னொன்றில் சர்வாதிகாரமும் உண்டு, அரசே வேண்டாம் என்பதும் உண்டு. எதை எதோடு சேர்த்தாலும் விளையாட்டின் விதிகளில் ஒரு புள்ளிகூட மாறாது. கொள்கை என்பது வெறும் லேபிள்.

லேபிளைக் கிழித்துப் போட்ட பிறகும் அந்தக் கட்சிகள் உயிரோடுதான் இருக்கின்றன. கட்சி என்ற இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஜார்ஜ் லெம்னாரு, அலெக்சிஸ் போன்ட் என்ற இருவர் 2007இல் நிறுவிய நிறுவனத்தின் படைப்பு இது. ருமேனியாவில் பிறந்த விளையாட்டு. 2017இல் ஸ்வீடனின் ஸ்டில்ஃப்ரன்ட் குழுமம் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. பிரவுசரைத் திறந்தால் நிஜ உலக வரைபடம். ஏதாவது ஒரு நாட்டின் குடிமகனாகி வேலைக்குப் போகலாம், சண்டை போடலாம், பத்திரிகை நடத்தலாம், ஓட்டுப் போடலாம். இந்தியாவும் வரைபடத்தில் இருக்கிறது.

தேர்தல் மாதாமாதம் வரும். 5ஆம் தேதி நாட்டின் அதிபர், 15ஆம் தேதி கட்சித் தலைவர், 25ஆம் தேதி நாடாளுமன்றம். உறுப்பினர் எண்ணிக்கையில் முதல் ஐந்து இடத்தில் இருக்கும் கட்சிகள்தான் அதிபர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஆள் நிறுத்த முடியும். ஆறாவது கட்சி எவ்வளவு அருமையான அறிக்கை எழுதினாலும் பயனில்லை. ஆகவே கட்சியின் முதல் வேலை தலை எண்ணிக்கையைக் காப்பது. புதிதாகப் பிறந்த குடிமகனின் அஞ்சல் பெட்டியில் அழைப்புகள் வந்து விழும். உணவும் ஆயுதமும் இலவசமாகக் கொடுத்து ஆள் பிடித்த கட்சிகள் உண்டு. நாடாளுமன்றத்தில் இடம் பிடித்தால் பதக்கத்தோடு 5 கோல்டு பரிசு என்று விதி இருந்தது. கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கூட வேட்பாளர் பட்டியலில் இடம் கேட்டு ஏன் நச்சரித்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த இயந்திரத்தின் பலவீனம் 15ஆம் தேதியில் இருக்கிறது. கட்சியில் சேர யாருடைய அனுமதியும் வேண்டாம். சேர்ந்தவர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர் யார் என்பதில் தலைவர் கைதான் ஓங்கியிருக்கும். எதிரி நாட்டுக்காரர்கள் இந்த ஓட்டையைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆள் குறைந்த நாடாகப் பார்த்து, சத்தமில்லாமல் குடியேறி, கட்சி ஒன்றுக்குள் நுழைந்து தலைமையைப் பிடிப்பார்கள். பத்து நாள் கழித்து நாடாளுமன்றம். அங்கே பெரும்பான்மை கிடைத்ததும் ஒரு நன்கொடைச் சட்டம் கொண்டுவந்தால் போதும், கஜானா காலி. துப்பாக்கியே தூக்காமல் நடக்கும் இந்தப் படையெடுப்புக்கு விளையாடுபவர்கள் வைத்த பெயர் பிடிஓ, அதாவது அரசியல் கைப்பற்றல்.

இதைத் தடுப்பது சுத்தமான கணக்கு. உதாரணத்துக்கு, வந்திருப்பவர்கள் 30 பேர், உள்ளூர்க்காரர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர்கள் ஐந்து கட்சிகளிலும் இருபது இருபதாக நின்றால், வந்தவர்கள் முப்பது பேரும் ஒரே கட்சிக்குள் புகுந்து அதை எடுத்துக்கொள்வார்கள். மூன்று கட்சிகளில் முப்பத்துமூன்று முப்பத்துமூன்று பேராகக் குவிந்தால் மீதி இரண்டும் திறந்த வீடு. எனவே நேற்றுவரை பத்திரிகையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த தலைவர்கள், ஒரு அரட்டை அறையில் கூடி, யாருடைய ஆட்கள் எந்தக் கட்சியில் எத்தனை பேர் என்று அட்டவணை போடுவார்கள். ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருந்து, எதிரி எங்கே குவிகிறான் என்று பார்த்து, 14ஆம் தேதி அங்கே அனுப்புவார்கள். தங்கள் கொள்கைக்கு நேரெதிரான கட்சியில் போய் உட்கார வேண்டிவந்த இடதுசாரிகளைப் பற்றி நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நேரமும் படுத்தும். விளையாட்டின் கடிகாரம் அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. அங்கே நள்ளிரவில் வாக்குப்பதிவு முடியும்போது ருமேனியாவில் காலை பத்து மணி, இந்தியாவில் மதியம் சாப்பாட்டு வேளை. கடைசி ஒரு மணி நேரத்தில் கணினி முன்னால் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்க முடிந்த கட்சியே பலமான கட்சி. அலுவலகத்தில் முதலாளி கண்ணில் படாமல் ஓட்டுப் போடத் தெரிந்த தொண்டன் அதற்குப் பெரிய சொத்து.

பின்னாளில் குடியுரிமை வழங்கும் அதிகாரம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கப்பட்டது. கதவு பூட்டப்பட்டது, ஆனால் சாவிக்கொத்து தேர்தலில் ஜெயிப்பவர் கையில். ஒருமுறை ஏமாந்தால் எதிரியே தன் ஆட்களை உள்ளே விடுவான். கட்சிகளுக்கும் சிக்கல் தீரவில்லை. ஐந்துக்குள் நிற்கப் புது ஆள் வேண்டும், அதே புது ஆள் உளவாளியாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் நல்ல பிள்ளையாகப் போஸ்டர் ஒட்டிவிட்டு ஒரு 15ஆம் தேதி காலை வாரியவர்கள் உண்டு. அதனால் விளையாடுபவர்களே குடியுரிமை அலுவலகம் ஒன்றை நடத்தினார்கள். விண்ணப்பம் வாங்கி, பழைய நாடு எது, எந்தப் போரில் யார் பக்கம் சண்டை போட்டார், யார் சிபாரிசு என்று துருவிப் பார்த்து, ஆளைச் சலித்தார்கள். விளையாட்டின் மென்பொருளில் அப்படி ஓர் அலுவலகமே கிடையாது.