வயலெலியின் வளையும் அதனைப் படிப்போர் அறிவும்: புறநானூற்று உவமை முதல் தஞ்சாவூர்க் கிட்டி வரை

ஆய்வுச் சுருக்கம்

நெல்வயலில் வளை தோண்டி வாழும் எலிகளைக் கட்டுப்படுத்துதல் என்பது இன்று பெரும்பாலும் எந்த நஞ்சை வைப்பது என்னும் வினாவாகச் சுருங்கிவிட்டது. வளையின் அமைப்பையும் எலியின் பருவ வாழ்வையும் அறிந்து செயற்படும்போதே எம்முறையும் பயன் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வறிவைத் தொழிலாகக் கொண்ட இருளரும் கிட்டி வைப்போரும் நஞ்சின் பரவலால் இழப்பது யாது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வயலெலி, வளை, அளை, தஞ்சாவூர்க் கிட்டி, இருளர், கூகை, எலிநஞ்சு

முன்னுரை

புறநானூற்றின் 190ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன் இருவகை மாந்தரை வேறுபடுத்துகிறான். பிறர்க்கு உதவாது பொருளை இறுகப் பற்றிக்கொள்வோரை, விளைந்த காலம் பார்த்துக் கதிரைக் கொண்டுபோய்த் தன் அளையை நிரப்பும் எலிக்கு ஒப்பிடுகிறான். அத்தகையோர் நட்பு தனக்கு வேண்டாம் என்கிறான். மற்றவர்க்கு உவமை, இடப்பக்கம் வீழ்ந்த பன்றியை உண்ணாது பசித்திருக்கும் புலி. உரையாளர்கள் இப்பாடலின் அறக்கருத்தையே விரித்துள்ளனர். ஆயினும் எலியைப் பற்றி அரசன் சொன்ன செய்தி வெறும் இழிவுரையன்று. உண்பதற்கு மேலாகக் கதிரை அறுத்துச் சேமிப்பது, அதனை விளைச்சற் பருவத்தில் செய்வது, சேமிக்குமிடம் நிலத்தடி அளையாக இருப்பது ஆகிய மூன்றும் எல்லா எலிகளுக்கும் ஒருசேரப் பொருந்துவன அல்ல. தமிழக நெல்வயல்களில் இம்மூன்றையும் முழுமையாகக் காட்டுவது அகழான் அல்லது வரப்பெலி எனப்படும் இனமே. விலங்கியலார் இதனைப் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்பர். புல்லெலி, வெள்ளெலி, வயற்சுண்டெலி ஆகியனவும் வயலில் உண்டு. அவை விளைவிக்கும் சேதமும் சிறிதன்று. எனினும் அளை மல்கச் சேர்க்கும் தன்மையில் அகழானுக்கு நிகரில்லை. அன்றைய உவமை இன்றைய வயலாய்வோடு ஒத்திருப்பது உழவரோடு பழகிய கண்ணின் விளைவு என்று கொள்வதில் தவறில்லை.

வளையின் அமைப்பு

அகழான் தனித்து வாழும் இயல்பினது. தாயும் குட்டிகளும் சேர்ந்திருக்கும் காலம் நீங்கலாக, ஒரு வளைக்கு ஓர் எலி என்பதே பொதுவான நிலை. வளையின் வாயிலருகே தோண்டிய மண் குவிந்து கிடக்கும். எலி உள்ளே இருக்கும்போது வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகவே திறந்து கிடக்கும் துளை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஈரம் காயாத புதுமண்ணால் மூடப்பட்டதே குடியிருப்பு. இதனை அறியாதவர் திறந்த துளைகளில் மருந்து வைத்துவிட்டு எலி சாகவில்லை என்று வருந்துவதைக் காணலாம். உள்ளே கிளை பிரியும் சுரங்கங்களும், புல்லும் வைக்கோலும் பரப்பிய குட்டி அறையும், நெற்கதிர் அடுக்கிய சேமிப்பறைகளும் இருக்கும். இவையன்றித் தப்பிச் செல்வதற்கென ஒரு வழி நிலமட்டம் வரை தோண்டப்பட்டு, மேலே மெல்லிய மண்படலம் மட்டும் விடப்பட்டிருக்கும். வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது தெரியாது. ஆபத்து நேர்கையில் எலி முட்டித் திறந்து வெளியேறும். வளையைப் படிக்கத் தெரிந்தவர் முதலில் தேடுவது இவ்வழியையே.

கதிர் அடுக்கிய வளைகளில் கிலோக் கணக்கில் நெல் கிடைப்பதுண்டு. ஒரு வளைக்கு அவ்வளவு என்றால் ஒரு வரப்பு முழுமைக்கும் எவ்வளவு என்பதை ஆய்வாளர் தாமே கணித்துக்கொள்ளலாம். வரப்பு அகன்றும் உயர்ந்தும் இருந்தால் வளைக்கு இடம் மிகும். வரப்பைக் குறுக்கிக் கட்டுமாறு வேளாண் துறையினர் அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. நிலத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சொல்லப்படும் அறிவுரை என்று சிலர் கருதுவது பிழை.

பருவமும் சேதமும்

எலி தூரை வெட்டும்போது நிலத்திற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டும். வயலின் ஓரத்தை விட்டு நடுவில் தொடங்குவது அதன் வழக்கம். வரப்பில் நடந்து செல்பவர்க்குப் பயிர் செழித்தே தோன்றும். உள்ளே இறங்கிப் பார்க்கும்போதுதான் சேதத்தின் பரப்பு தெரியவரும்.

தூர்விடும் பருவத்தில் வெட்டுண்ட பயிர் புதிய தூர்களை விட்டு இழப்பை ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். கதிர் உருவாகத் தொடங்கிய பின்னர் வெட்டுண்டால் அவ்வாறு ஈடு செய்ய இயலாது. எலியின் இனப்பெருக்கமோ பயிர் முதிரும் காலத்தை ஒட்டியே பெருகுகிறது. சூற்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டு வரை குட்டிகள் இயல்பு. மூன்று திங்களில் குட்டி தாயாகும். கதிர் முற்றியபின் உழவர் விழித்தெழுவது, எலி பெருகி முடிந்த பின்னர்ப் போருக்குப் புறப்படுவதைப் போன்றது.

காவிரிப் படுகையில் இதற்குத் தக்க காலம் கோடை. சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும்போது எலிகள் வாய்க்காற்கரை, பெருவரப்பு, வைக்கோற்போர் போன்ற சில இடங்களில் ஒடுங்குகின்றன. எண்ணிக்கை குறைந்தும் இடம் சுருங்கியும் இருக்கும் அவ்வேளையில் ஊர் முழுவதும் ஒருசேரப் பிடித்தால் அடுத்த பருவத்தின் பெருக்கம் தடைப்படும். ஒருவர் மட்டும் தம் வயலில் பிடித்தால் காலியான வளைகளில் பக்கத்து வயல் எலிகள் குடியேறும். நடவும் ஒரே காலத்தில் அமைந்தால் எலிக்குத் தொடர்ந்து உணவு கிடைப்பது நின்றுபோகும்.

நஞ்சு தோற்குமிடம்

எலி புதிய பொருளை ஐயுறும். சிறிது உண்டு பார்த்தே தொடரும். சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு வினைபுரிந்து பாஸ்பீன் வளியாகி விரைவில் கொல்லும். அளவு குறைவாக உண்ட எலியோ நோயுற்றுப் பிழைத்து, அவ்வுணவை மீண்டும் தீண்டாது. நஞ்சு கலவாத இரையை முதலில் ஓரிரு நாள் வைத்துப் பழக்கிய பின்னரே, 49 பங்கு இரைக்கு 1 பங்கு நஞ்சு என்னும் அளவில் கலந்து வைக்கவேண்டும் என்பது இதனாலேயே. புரோமடியோலோன் போன்றவை உயிர்ச்சத்து கேயின் செயலைத் தடுத்துக் குருதி உறையாமற் செய்வன. இவற்றால் சாவு சில நாள் கழித்து நேர்வதால் உண்ட உணவையும் நோயையும் எலியால் தொடர்புபடுத்த இயலாது. ஆனால் அச்சில நாட்களில் தளர்ந்து திரியும் எலி கூகைக்கும் பாம்புக்கும் எளிதில் இரையாகும். எலியை உண்ணும் உயிர்களை நஞ்சு கொண்டே குறைத்துக்கொள்வதாக இம்முறை முடியக்கூடும்.

கூகையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நற்றிணை 83ஆம் பாடலில் தோழி ஊர்வாயில் மரத்துக் கூகையை விளித்து, குழறாதிருந்தால் நெய்ச்சோற்றோடு சுட்ட எலியும் தருவதாகச் சொல்கிறாள். கூகையின் விருப்புணவு யாது என்பது ஊரறிந்த செய்தியாக இருந்திருக்கிறது. அப்பறவையை இன்று தீநிமித்தம் என்று கல்லெறிந்து துரத்தும் அதே ஊரில் கூகை அமர்வதற்கென வயலில் குறுக்குக் கம்பு நடுமாறு வேளாண் அலுவலர் அறிவுறுத்துகின்றனர். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூட்டுப்பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துவது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது.

கிட்டியும் புகைப்பானையும்

தஞ்சாவூர்க் கிட்டி மூங்கிலால் ஆனது. வளைத்துக் கட்டிய மூங்கிற் பட்டையின் விசையால் இயங்குவது; இரையை எலி இழுத்ததும் பட்டை நிமிர்ந்து கழுத்தை இறுக்கும். மாலையில் எலித்தடம் பார்த்து வரப்பில் ஊன்றி, விடியலில் எடுப்பர். எலியின் எண்ணிக்கைக்கே கூலி. எவ்விடத்தில் ஊன்றுவது என்பதுதான் இத்தொழிலின் நுட்பம். கருவி எளியது, கண் அரியது.

வடதமிழகத்தில் திருவள்ளூர், செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் இருளர் வேறுமுறை கையாள்வர். புதுமண் கண்டு வளையைத் தேர்ந்து, மற்ற வழிகளை அடைத்து, வைக்கோல் எரியும் மண்பானையின் வாயை வளையில் பொருத்துவர். பானையின் அடித்துளை வழியாக வாயால் ஊதிப் புகையை உட்செலுத்திய பின் கடப்பாரையால் தோண்டுவர். மயங்கிய எலி உணவாகும். சேமிப்பறை நெல்லும் பெரும்பாலும் பிடித்தவர்க்கே உரியது. நில உடைமையாளர்க்கு இழப்பாகிப் போனது நிலமற்றவர்க்கு ஒருவேளைச் சோறாகத் திரும்பியது. இதற்கு அவர்கள் கொடுத்த விலை கையிலும் முகத்திலும் தீக்காயம், நுரையீரலில் புகை. எலிச்சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா காய்ச்சலின் ஆபத்தும் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்க்கே மிகுதி. கையால் சுழற்றும் எஃகுப் புகையூட்டி ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் உருவாக்கியது. 2003இல் உலக வங்கியின் போட்டியில் அத்திட்டம் பரிசு பெற்றது.

பாம்புத்தோல் வணிகம் 1970களில் தடைப்பட்டபோது வாழ்விழந்த இருளர்க்கு 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் தொழிலைத் தந்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் பாம்பு பிடிக்கும் திறனுக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்றனர். எலி பிடிக்கும் திறன் அத்தகைய மதிப்பைப் பெறவில்லை; அதனைப் பிழைப்பின் கடைநிலை என்றே சமூகம் காண்கிறது. இவ்விரண்டும் ஒரே கண்பயிற்சியின் இருவேறு பயன்பாடுகள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நஞ்சு வைத்த வயலில் இருளர் பிடிக்கும் எலியை உண்ண இயலாது. நஞ்சிட்ட இரை கலந்திருக்கக்கூடிய வளைநெல்லையும் நம்பமுடியாது. எந்த வயலில் எப்போது வைத்தனர் என்பதை நில உடைமையாளர் சொல்லாவிடின், தோண்டுபவர் அதனை அறிய வழியில்லை. நஞ்சுண்ட எலி சில நாட்கள் உயிருடன் திரிவதால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. நஞ்சு வைத்த நாளையும் வயலையும் ஊர்ப் பொதுவிடத்தில் எழுதிவைப்பதும், அருகிலுள்ள இருளர் குடியிருப்பில் நேரிற் சொல்வதும் செலவில்லாத செயல்கள். எலி ஒழிப்புப் பயிற்சிகளில் கலவை அளவு சொல்லித்தரப்படும் அதே வேளையில் இதனையும் சேர்க்க இயலும்.