மின்னஞ்சல் விலாசப் புத்தகம்

கடிதத்தை எழுதி முடித்த மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடுவதில்லை. அது உரியவரைச் சென்று சேர்தல் வேண்டும். அஞ்சலட்டையில் விலாசம் சற்றுப் பிழைபட்டாலும் ஊரறிந்த தபால்காரர் அதனைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பெயரும், உப்பளத்திற்குப் போகும் வழியில் கோடி வீடு என்ற குறிப்பும் அவருக்குப் போதும். மின்னஞ்சலுக்கோ அத்தகைய தபால்காரர் இலர். ஓர் எழுத்து மாறினால் கடிதம் திரும்பி வரும். அல்லது, அதனினும் தீதாக, முன்பின் அறியாத ஒருவரிடம் போய்ச் சேரும். ஆகவே விலாசத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் எழுதுவோர் தலைமேல் விழுந்திருக்கின்றது. அதன்பொருட்டே ஒவ்வொரு மின்னஞ்சல் செயலியிலும் ஒரு விலாசப் புத்தகம் அமைந்துள்ளது. நம்மில் பெரும்பாலோர் அதனைத் திறந்து பார்ப்பதே இல்லை. அதனைச் செவ்வனே அமைக்கும் முறையை, மரக்காணத்து உப்பளக் கரையில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கற்பித்துக்கொண்டு, ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மரக்காணம் விழுப்புரம் ஜில்லாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல், புதுச்சேரிக்கு வடக்கே உள்ளது. ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இவ்வூரின் அருகே முடிவுறுகின்றது. ஒருபுறம் கழுவெளி ஏரி, மறுபுறம் வங்கக் கடல், இடையே பாத்தி பாத்தியாக உப்பளங்கள். கோடை முழுதும் உப்பு விளையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொழில் நின்றுவிடும். இங்கே சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒரு குடும்பத்துப் பிள்ளை நம் கலாசாலையில் பயில்கின்றான் என்று கொள்வோம். படித்த பிள்ளையாதலின் குடும்பத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவன் கையிலே. அளத்து மேஸ்திரி, லாரிக்காரர், பம்பு பழுது பார்ப்பவர், கருவாட்டு வியாபாரி, தோல் பதனிடும் தொழிற்சாலையார், ஐஸ் தொழிற்சாலையார், வங்கி, தாலுக்கா ஆபீசு, மின்சார வாரியம், அயல்நாட்டிலுள்ள மாமன், அவன்தன் ஆசிரியர், நண்பர் என்று எண்ணிப் பார்த்தால் இருநூறு பெயர்களுக்குக் குறையா. மேஸ்திரிக்கு யார் மின்னஞ்சல் எழுதுவார் என்று கேட்கலாம். உண்மையே, அவருக்குத் தொலைபேசிதான். ஆனால் கைப்பேசியும் மின்னஞ்சலும் ஒரே கணக்கில் இணைந்திருக்கும்போது இரண்டிற்கும் விலாசப் புத்தகம் ஒன்றேயாகும் என்பதை மறத்தலாகாது. ஒன்றில் அழித்தால் மற்றொன்றிலும் அழியும்.

நம்மவர் பெயரமைப்பிற்கும் இப்புத்தகத்தின் படிவத்திற்கும் உள்ள பொருத்தமின்மையே முதல் இடர். படிவத்தில் முதற்பெயர், கடைப்பெயர் என இரண்டு கட்டங்கள் காணப்படும். குடும்பப் பெயர் தாங்கும் மேனாட்டார் வழக்கத்தை ஒட்டி வகுக்கப்பட்டவை அவை. தமிழருள் பெரும்பாலோர்க்குத் தம் பெயர் ஒன்றும், தந்தையார் பெயரின் தலையெழுத்து ஒன்றுமே உண்டு. (தலையெழுத்து என்னும் சொல்லின் மற்றைப் பொருளும் இவ்விடத்திற்குப் பொருந்துவதே.) கி. முருகன் என்பவரை எங்ஙனம் எழுதுவது? தலையெழுத்தை முதற்கட்டத்தில் இட்டால் முருகனைக் ககர வரிசையில் தேட வேண்டிவரும். தந்தையார் பெயரைக் கடைக்கட்டத்தில் முழுமையாக நிரப்பினால், கடைப்பெயரால் வரிசைப்படுத்தும் செயலியில் மகன் தகப்பனார் பெயருக்குள் மறைந்துபோவார். எம் அபிப்பிராயத்தில், அவரவர் சொந்தப் பெயரை முதற்கட்டத்திலும் தலையெழுத்தைக் கடைக்கட்டத்திலும் இட்டு, வரிசையை முதற்பெயரால் அமைத்துக்கொள்வதே தக்கது. எம்முறையைக் கொண்டாலும் இருநூறு பேருக்கும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பாதிக்கு ஒரு முறையும் பாதிக்கு வேறொரு முறையும் ஆகாது.

இனி, அந்தக் கரையில் முருகன் ஒருவர்தாமா? லாரி முருகன், பம்பு முருகன், மேலத்தெரு முருகன் என்று ஊரார் அடைமொழியால் அன்றோ பகுத்தறிகின்றனர்? புத்தகத்தில் அதற்கும் இடமுண்டு. தண்டர்பேர்டு என்னும் இலவசச் செயலியில் செல்லப்பெயர் என்றொரு கட்டம் உள்ளது. அங்கே லாரி என்று எழுதிவைத்தால், கடிதத்தின் பெறுநர் வரியில் அச்சொல்லைத் தட்டிய அளவில் அம்முருகனார் வந்து நிற்பார். ஆயின் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். தோற்றப்பெயர் என்றொரு கட்டமும் அதனருகே இருக்கின்றது. அதில் எழுதியது கடிதத்தின் தலைப்பில் ஏறிப் பெறுநர் கண்ணுக்கும் புலனாகும். "பாக்கி வைத்த முருகன்" என்று அங்கே எழுதிவைத்து, அன்னாருக்கே பணிவன்புடன் கடிதம் விடுத்தால் நேரக்கூடியதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறர் காணத் தகாதவற்றைக் குறிப்பு என்ற கட்டத்திலே எழுதுக. அது கடிதத்தோடு செல்வதில்லை.

உறவைக் கொண்டு ஒருவரை அடையாளங் காட்டுதல் நாகரிகக் குறைவன்று. பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை நோக்குக. வாழ்த்துப் பெறுவோரின் நீண்ட ஜாபிதா அது. பல பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் உடன்வேலையாளா, உறவினரா, உடன் சிறைப்பட்டவரா என்பது குறிக்கப்பட்டுள்ளது. ரூப் என்பவருடைய தாயாரின் பெயர் அங்கே சொல்லப்படவே இல்லை. மகனைக் கொண்டே அவர் அறியப்படுகின்றார். நம் பிள்ளையின் கைப்பேசியில் முருகன் அம்மா என்றிருப்பதும் அவ்வகையினதே. என்றாலும், அந்த அம்மையாரின் பெயரைக் கேட்டறிந்து குறிப்பில் எழுதிவைத்தல் மரியாதையுமாம், வங்கிக் காரியத்துக்கு உதவியுமாம்.

எழுத்தைப் பற்றிய இடர் ஒன்று உண்டு. சுப்பிரமணியன் என்னும் பெயரை ரோமன் லிபியில் ஒருவர் னகர ஒலியால் முடிப்பார், மற்றொருவர் மகர ஒலியால் முடிப்பார். இடையிலும் எழுத்துகள் வேறுபடும். இதனால் ஒரே மனிதர் மூன்று பேராகப் புத்தகத்தில் உலவுகின்றார். பெயரைத் தமிழில் எழுதினால் இத்தொல்லை பெரும்பாலும் ஒழியும். அவர் தாமே கையொப்பமிடும் ரோமன் வடிவத்தைச் செல்லப்பெயர்க் கட்டத்தில் வைக்கலாம். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழெழுத்து இடம்பெற்றுவிட்டது. ஆனால் அங்கே ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ள, ழ இரண்டும் ல-வை அடுத்தும் நிற்கின்றன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கின்றது. அந்த எண்வரிசையை மாத்திரம் பின்பற்றும் செயலியில் நம் நெடுங்கணக்கு முறை கிடைப்பதில்லை. தமிழுக்கென வகுத்த வரிசை விதிகளைக் கைக்கொள்ளும் செயலிகளில் இக்குறை இல்லை. இரண்டெழுத்துத் தட்டித் தேடுவோர்க்கு இது பொருட்டன்று. தமிழாசிரியர் கண்ணை மட்டும் சற்று உறுத்தும்.

புத்தகம் தானாகவே பெருகும் இயல்புடையது என்பதும் அறியத்தக்கது. நாம் யாருக்கேனும் கடிதம் விடுத்த அளவில், தண்டர்பேர்டு அவ்விலாசத்தைத் திரட்டிய விலாசங்கள் என்னும் தனிப் புத்தகத்தில் சேர்த்துவிடும். ஜிமெயிலும் அவ்வாறே பிற தொடர்புகள் என்று தனியே திரட்டுகின்றது. இது உதவியே, ஆயினும் பிழையும் கூடவே திரளும். ஒருமுறை பிழையாகத் தட்டிய விலாசம் அங்கே உறைந்து, மறுமுறை சரியான விலாசத்திற்கு முன்னே வந்து நிற்கும். கடிதம் திரும்பி வந்தவுடன் அப்பிழை விலாசத்தைத் தேடி அழித்தாலன்றி அது நம்மை விடாது. ஆகவே திரட்டிய புத்தகத்தை ஒரு வாயிற்படியாகக் கொள்ளுக: வேண்டியவரைச் சொந்தப் புத்தகத்திற்கு மாற்றி, வேண்டாதவரை நீக்குக.

இனி வகைப்படுத்தல். இதனை நன்குணர்ந்தால் மற்றவை எளிது. பலர் உறவினருக்கு ஒரு புத்தகம், தொழிலுக்கு ஒரு புத்தகம், கலாசாலைக்கு ஒரு புத்தகம் என்று வகுத்துவிடுகின்றனர். மாமன் உப்பு வாங்குபவராகவும் கலாசாலையின் பழைய மாணவராகவும் இருந்தால் என் செய்வது? மூன்றிலும் எழுதுவர். பின்னர் மாமன் தொலைபேசி எண்ணை மாற்றுவார். ஒன்றில் திருத்தி இரண்டில் விட்டுவிடுவர். உப்பு அம்பாரத்தைப் போல மனிதரைக் கூறு கூறாகப் பிரித்துக் குவித்தல் இயலாது. ஒருவருக்கு ஓர் ஏடே இருத்தல் வேண்டும். அவ்வேட்டைச் சுட்டும் குறிகள் எத்தனையேனும் இருக்கலாம். கூகுளின் புத்தகத்தில் லேபிள் எனப்படுவது இதுவே. தண்டர்பேர்டில் ஒரே புத்தகத்திற்குள் பல பட்டியல்களை ஆக்கி, ஒருவரைப் பலவற்றில் சேர்க்கலாம். லாரி, வாங்குவோர், சர்க்கார், உறவு, கலாசாலை, புயல் என்று ஆறு பட்டியல்கள் நம் பிள்ளைக்குப் போதும் என்பது எம் எண்ணம். பட்டியலின் பெயரைப் பெறுநர் வரியில் தட்டினால் அதிலுள்ளோர் அனைவருக்கும் கடிதம் செல்லும். பட்டியலிலிருந்து ஒருவரை எடுப்பது வேறு, புத்தகத்திலிருந்தே அழிப்பது வேறு. அவசரத்தில் பின்னதைச் செய்துவிட்டால், கூகுளில் முப்பது நாள்வரை குப்பைத்தொட்டியில் தேடி மீட்கலாம்.

பட்டியலுக்கு எழுதுங்கால் ஒரு கடமை உண்டு. பெறுநர், பிரதி, மறைபிரதி என மூன்று வரிகள் உள்ளன. முதலிரண்டில் இட்ட விலாசங்களைப் பெற்றோர் அனைவரும் காண்பர். மறைபிரதியில் இட்டவற்றை மற்றவர் காணார். உப்பு வாங்குவோர் இருபது பேருக்கும் விலையைப் பிரதி வரியில் அனுப்பினால், வாடிக்கைக்காரர் அனைவரையும் போட்டியாளர்க்குக் காட்டிக்கொடுத்தவாறாகும். பழைய மாணவர் சங்கக் காரியதரிசிகளும் இதனைச் சிந்திப்பாராக. 2023-இல் இந்தியப் பார்லிமெண்டு இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்கு வைத்திருக்கும் விவரங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சங்கங்களின் ஜாபிதாவோ அவ்விலக்கிற்குள் அடங்குவதன்று.

அச்சங்க ஜாபிதாக்களில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. மரக்காணத்து அன்பர் ஒருவரின் விலாசம் இன்னும் "திண்டிவனம் தாலுக்கா, தென்னார்க்காடு ஜில்லா" என்றே இருக்கக்கூடும். 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் ஜில்லா ஏற்பட்டது. மரக்காணமும் இப்பொழுது தனித் தாலுக்காவாகிவிட்டது. பின்கோடு இருப்பின் தபால் எப்படியும் சேரும். மின்விலாசத்தின் கதி வேறு. கலாசாலை வழங்கும் விலாசம் படிப்பு முடிந்தபின் பெரும்பாலும் நின்றுவிடும்; உத்தியோக விலாசமும் வேலையோடு போய்விடும். ஆகவே ஒவ்வோர் ஏட்டிலும் நிலையான சொந்த விலாசம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்ளுதலும், கேட்ட மாதமும் ஆண்டும் குறித்தலும் நலம்.

2024 நவம்பர் 30 அன்றிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபொழுது இவ்வுப்பளங்கள் வெள்ளக்காடாயின. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இதே கரையின் தென்பகுதியை அழித்தது. அத்தகைய இரவில் மின்சாரம் இராது, கைப்பேசிக் கோபுரம் இயங்காது, நீரில் வீழ்ந்த கைப்பேசியும் மீளாது. விலாசங்கள் அக்கைப்பேசி ஒன்றிலேயே இருந்தால், மாமனுக்குச் செய்தி சொல்ல வேறொருவர் கைப்பேசியை இரவல் வாங்கியும் பயனில்லை. எண் நினைவில் இராது. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன், அம்பாரங்களுக்குப் பனையோலை வேயும்பொழுதே புத்தகத்தையும் வேய்ந்துவைத்தல் வேண்டும். அதாவது, முழுப் புத்தகத்தையும் கோப்பாக வெளியேற்றி, வேறூரிலுள்ள ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்க. இதற்கு விகார்டு என்னும் வடிவம் ஏற்றது. 1990-களின் நடுவில் ஆப்பிள், ஐபிஎம் முதலிய கம்பெனிகள் கூடி வகுத்த வடிவம் அது. ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் அதனை ஏற்கும். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி என்னும் அட்டவணையும் உண்டு. அதனை யுடிஎஃப்-8 முறையிலன்றி வேறு முறையில் சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகவே மிஞ்சும். அன்றியும், புயல் என்ற பட்டியலிலுள்ள பத்துப் பன்னிரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு வீட்டு உத்தரத்தில் செருகிவைக்க. விஞ்ஞானப் பிள்ளைகள் நகைப்பர், நகைக்கட்டும்.

இறந்தோர் ஏட்டைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலோர் அதனை அழிக்க மனமின்றி அப்படியே விட்டுவிடுகின்றனர். பட்டியல்களில் அப்பெயர் இருக்கும்வரை, ஆண்டு விழா அழைப்பும் சந்தா நினைவூட்டலும் மறைந்தவர் பெயருக்கே சென்றுகொண்டிருக்கும். மனைவியோ மகளோ அதனைத் திறந்து பார்ப்பார். 2011-இல் விகார்டு வடிவத்தில் மறைந்த நாளைக் குறிக்கவும் இடம் வகுத்தார்கள். ஆனால் நாம் வழங்கும் பல செயலிகளின் படிவத்தில் அக்கட்டம் காணப்படுவதில்லை. ஆதலின் அவரை எல்லாப் பட்டியல்களிலிருந்தும் எடுத்து, மறைந்த நாளைக் குறிப்பில் எழுதி, ஏட்டைத் தனிப் புத்தகம் ஒன்றில் வைக்கலாம். அவர் வீட்டாரின் பெயருக்குப் புதிய ஏடொன்று திறத்தல் வேண்டும்.